உன் குரலில்லாத காகிதம்

குமாசி
ஆகஸ்ட் 6

ஒடுரோ,

இல்லை, அதனால் இல்லை. போன் கெட்டுப்போகவில்லை. கோபமும் இல்லை. நீ கூப்பிடும்போதெல்லாம் அது என் மடியில்தான் அதிர்ந்துகொண்டிருக்கிறது. எடுத்தால் நீ பேசுவாய். நீ பேசினால் வாக்கியம் முடிவதற்குள் நான் சரி என்று சொல்லிவிடுவேன். நீ இங்கே ரேடியோவில் இருந்தபோது பாதி ஊர் உன் குரலுக்குத் தலையாட்டிக்கொண்டேதான் பல் துலக்கியது. பெண்டாட்டி மட்டும் எப்படித் தப்பிப்பாள்.

அதனால் எழுது. கையால் வேண்டாம். உன் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், என் போனில் தாளை வாசித்துக் காட்டும் ஆப்புக்குப் புரியாது. டைப் அடித்து, அச்செடுத்து, குமாசி பஸ் டிரைவர் யாரிடமாவது கொடுத்தனுப்பு. நான் தாளை மேசையில் விரித்து, போனை மேலே பிடிப்பேன். ஆப்பில் ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கு உன்னைத் தெரியாது. உன் கடிதத்தையும் பருப்பு டின்னில் ஒட்டியிருப்பதையும் ஒரே குரலில்தான் படிப்பாள். உன் குரலைக் கழித்துவிட்டால் உன் சொற்களில் என்ன மிஞ்சும் என்று எனக்குக் கேட்க வேண்டும்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஸ்கேலை வைத்துத் தடவித் தடவிக் கையால் எழுதுகிறேன், வரி கோணினால் பொறுத்துக்கொள்.

நீ தக்கராடிக்கு வேலை மாறிப் போன பிறகு பொக்குவா என்னோடு வந்து தங்கியிருக்கிறாள். சித்தி மகள்தான், சமையலறையிலிருந்தே எல்லாரோடும் பேசுபவள். ஆப்பைப் போட்டுத் தந்தது அவள். பழகிப் பார்க்கத் தெரிந்த புத்தகமாக ஒன்றை எடுத்தேன். படகுக்காரன் மகள் கதை. இரண்டு மழைக்காலத்துக்கு முன் நீ எனக்கு வாசித்தது. கடைசியில் அவள் ஆற்றைத் தாண்டித் திரும்பி வருவாள். அப்பா லாந்தரோடு நிற்பார். கத்திக்கொண்டிருந்த தவளைகள் எல்லாம் ஒரே சமயத்தில் நிறுத்தும். அந்த மௌனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

புத்தகத்தில் அவள் திரும்பி வருவதில்லை. தவளைகளே இல்லை.

ஏதாவது தாள் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். இல்லை. தவளைகள் உன்னுடையவை.

அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே. மறுநாள்தான் யோசித்தேன், எனக்காக நீ வேறு என்னென்ன வாசித்தாய் என்று. அலமாரியில் ஃபைல் இருந்தது. அதில் கண் ஆஸ்பத்திரித் தாள். டாக்டர் அவசரமாக உன் கையில் திணித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாரே, அது. வீட்டுக்கு வந்து நீ வாசித்தாய்: இப்போது இருக்கும் பார்வை இப்படியே இருக்கும். ஆப்பில் இருப்பவள் வாசித்தாள்: மீதமுள்ள பார்வையும் ஓராண்டுக்குள் போய்விடும்.

அப்போது என் இடது கண்ணில் ஒரு ஜன்னல் இருந்தது. செய்தித்தாளைச் சுருட்டி அதன் வழியே பார்ப்பது போல. ஒரு முகம் கொள்ளும் அதில், பொடி அச்செழுத்து பிடிபடாது.

அது மூடப் போகிறது என்று உனக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது.

நவம்பரில் இந்த வீட்டின் ஒப்பந்தம் முடிகிறது. வீட்டை விட்டுவிட்டுத் தக்கராடிக்கு வந்துவிடு என்கிறாய். வருவேனா என்பதை உன் பதிலைக் கேட்டுத்தான் சொல்ல முடியும். ஏன் மாற்றி வாசித்தாய்? காகிதத்தில் இருந்ததைத்தானே மாற்றினாய், காகிதத்திலேயே சொல்.

பிராகோ


தக்கராடி
ஆகஸ்ட் 15

என் தங்கம் பிராகோவுக்கு,

இந்தக் கடிதம் எங்கே பிறக்கிறது என்று கேட்டால் சிரிப்பாய். மார்க்கெட் ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் அராபா என்று ஒரு பெண் டைப்பிங் கடை வைத்திருக்கிறாள். எனக்குப் பேசத்தானே வரும். நான் சொல்லச் சொல்ல அவள் அடிக்கிறாள். முதல் வரி முடியுமுன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"ரேடியோ அண்ணே, இது வேலைக்கு மனுவா, பொண்டாட்டிக்கா?"

"பொண்டாட்டிக்கு."

"அப்ப ரெண்டு காப்பி எடுத்துருவோம். ஒண்ணு கோர்ட்டுக்கு ஆகும்."

பார், இதையும் அடித்து வைத்திருக்கிறாள். அழி என்றால், "சொன்னத அடிக்கத்தான் காசு, அழிக்கிறதுக்குத் தனி ரேட்டு" என்கிறாள்.

வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். கடல் தெரியாது, ஆனால் கேட்கும். விடியும்போது படுக்கைக்கு அடியில் யாரோ மூச்சு விடுவது போல இருக்கும். உனக்கு அது பிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரி புளித்த சோளமாவுக் கெங்கேயும் வறுத்த மீனும் கொடுத்தனுப்புகிறாள். மிளகாய்ச் சாந்து உன்னுடையது போல வராது என்று அவள் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக மீன் வரவில்லை.

தவளைகளுக்கு வருகிறேன். அன்று வாசிக்கும்போது வெளியே நிஜமாகவே கத்திக்கொண்டிருந்தன. சட்டென்று நின்றன. நீ தலையைத் தூக்கினாய். நான் அதை எடுத்துக் கதைக்குள் வைத்தேன், அவ்வளவுதான். அந்தப் பெண்ணை அக்கரையிலேயே விட்டுவிட்டுப் புத்தகத்தை மூட எனக்கு மனசு வரவில்லை. உன் முகத்தைப் பார்த்தபடி அதை எப்படி வாசிப்பேன்?

ஆஸ்பத்திரித் தாளா? டாக்டர்கள் எழுதுவதெல்லாம் நடந்துவிடுகிறதா, சொல். என் மாமாவுக்கு ஆறு மாசம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர் அதற்குப் பிறகுதான் மூன்றாம் கல்யாணம் செய்துகொண்டார். நடந்ததை விடு, தங்கம். நவம்பரில் லாரியோடு நானே வருகிறேன். உன் புத்தகங்களுக்கு அலமாரி அளவெடுத்துவிட்டேன்.

Me d) wo.

ஒடுரோ


குமாசி
ஆகஸ்ட் 24

ஒடுரோ,

உன் கடிதத்தைச் சாயங்காலத் தூறலில் கேட்டேன். ஆப்புக்கு வெளிச்சம் வேண்டும். எனக்கு வேண்டாத விளக்கை அவளுக்காகப் போட்டேன். வீட்டில் விருந்தாளி இருப்பது போலிருந்தது.

முதலில் கடைசி வரி. அவள் படித்தது இப்படி: "மீ டி, அடைப்புக்குறி முடிந்தது, வோ." பொக்குவா சமையலறையிலிருந்து, "என்னக்கா முடிஞ்சுச்சு?" என்றாள். எனக்கும் தெரியவில்லை. எங்கேயும் திறக்காத அடைப்புக்குறி எப்படி முடியும் என்று ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு பிடிபட்டது. நம் வாய் அகன்ற ஓ-வுக்கு அராபாவின் கம்ப்யூட்டரில் எழுத்து இல்லை. போனில் எல்லோரும் செய்வது போல அடைப்புக்குறியைப் போட்டுவிட்டாள். உன்னை நேசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாய். அவள் அதை ஒரு கதவைச் சாத்துவது போலச் சொன்னாள்.

நம் மொழி அவளுக்குத் தெரியாது. இனி முழுக்க ஆங்கிலத்திலேயே எழுது.

அடுத்தது உன் நகைச்சுவை. மாமாவின் மூன்றாம் கல்யாணத்தை அவள் வானிலை அறிக்கை மாதிரி படித்தாள். நீ சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். சிரித்து முடிக்கும்போது கேள்வி என்னவென்று மறந்திருக்கும். அவளிடம் அந்த வசதி இல்லை. ஒரு ஆள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறான், கதவைத் தட்டவே மாட்டேன் என்கிறான். அப்படித்தான் கேட்டது உன் கடிதம்.

நான் கேட்டது தவளைகளைப் பற்றி இல்லை.

கனவில் எனக்கு இன்னும் தெரிகிறது. உனக்கு இதைச் சொன்னதில்லை. நேற்று நீ ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். தாள் ஈரம். எழுத்தெல்லாம் இறங்கித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்தேன். பழைய முகம். நீ அனுப்பிய படத்தில் தாடி வைத்திருப்பதாகப் பொக்குவா சொல்கிறாள். கனவில் உனக்குத் தாடி இல்லை. இனி என் கனவில் நீ கிழவனாகவே மாட்டாய், ஒடுரோ. தெரிந்திருந்தால் அந்த முகத்தையாவது கவனமாகப் பார்த்து வைத்திருப்பேன். அதன் கோடுகளையும் மச்சத்தையும். நீ பொய் சொல்லும்போது வாயோரத்தில் ஏதாவது நடக்கிறதா என்பதையும்.

மறுபடி கேட்கிறேன். ஏன்?

பிராகோ


தக்கராடி
செப்டம்பர் 9

பிராகோ,

இதை நானே அடிக்கிறேன். இரண்டு விரலால். அராபா தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் கடை வாசலில் போய் நின்றுகொண்டாள். "முடிச்சுட்டு கூப்பிடுங்க, நான் எட்டிப் பாக்கல" என்றாள். பார்க்கவுமில்லை.

அந்தத் தாளை முதலில் நான் டாக்ஸியில் படித்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உறிஞ்சிக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்ததும் வாசி என்றாய். வாயைத் திறந்தபோது வேறு வாக்கியம் வந்தது. திட்டம் போடவில்லை. மைக் முன்னால் செய்தி எழுதிய தாள் கை நழுவினால் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். நிறுத்தாமல் பேசினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த வருஷம் உன்னைப் பொசோம்ட்வே ஏரிக்குக் கூட்டிப் போனேன். கடலுக்குக் கூட்டி வந்தேன். துணிக்கடைக்குப் போய் எல்லாத் துணிக்கட்டையும் பிரிக்கச் சொன்னேன், எதுவும் வாங்காமல் கடைக்காரி திட்ட வெளியே வந்தோம். காலை நிகழ்ச்சி முடிந்ததும் நேரே வந்து உன் எதிரில் உட்காருவேன். "வேலவெட்டி இல்லியா ஒனக்கு? எம்மூஞ்சியவே பாத்துட்டு ஒக்காந்திருக்க" என்பாய். நான் பார்ப்பதற்காக உட்காரவில்லை. பார்க்கப்படுவதற்காக உட்கார்ந்தேன்.

தெரிந்தால் நீ அழுதுகொண்டே பார்ப்பாய். அழாமல் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அது உனக்காகவா, அழும் உன்னைப் பார்க்க முடியாத எனக்காகவா என்று இப்போது கேட்டால், எனக்காகவும்தான்.

கடைசி வரியை ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தேன். அந்த 'சாரி'யைப் பஸ்ஸில் கால் மிதித்தால்கூடச் சொல்கிறோம். அழித்துவிட்டேன். நம் மொழியிலேயே விடுகிறேன். அவள் எப்படிப் படித்தாலும் சரி.

M'ani awu.

ஒடுரோ


குமாசி
செப்டம்பர் 21

ஒடுரோ,

"மேனி, ஏ, வூ" என்று படித்தாள்.

"யாருக்கா அந்த மேனி வூ? தங்கம் தோண்ட வந்த சீனாக்காரனா?" என்று பொக்குவா கரண்டியோடு வந்து நின்றாள். தாளை வாங்கிப் பார்க்கக் கையை நீட்டினாள். கொடுக்கவில்லை. "ஆமா, சீனாக்காரன்தான், போ" என்றேன்.

இரண்டாம் தடவையும் மேனி வூதான். மூன்றாம் தடவை கேட்கவில்லை. நானே வாய்க்குள் வைத்து, அவளுடைய ஆங்கிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தேன். என் குரலில் வந்தது. மானி அவு.

என் கண் செத்துவிட்டது.

வெட்கத்தில் கூனிப்போனால் நம் ஆட்கள் இப்படித்தானே சொல்வார்கள். இதை யாராவது என் எதிரில் சொல்லி எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். சந்தோஷம் என்றால் கண் பெற்றது. ஏங்கினால் கண் நின்றது. தவித்தால் கண் சிவந்தது. முழுக்கக் கண்ணால் ஆன பேச்சு நம்முடையது. ஜன்னல் மூடிய நாளிலிருந்து எல்லோரும் என் எதிரில் அதை ஒளித்து வைத்துவிட்டீர்கள். பொக்குவா 'ஹாப்பி' என்பாள். நீ 'சாரி' என்பாய். அம்மா பாதி வாக்கியத்தில் இருமுவாள். தூங்கும் குழந்தையைத் தாண்டிப் போவது போல மொழி என்னைக் கால்விரலில் தாண்டிப் போனது. எனக்கு அது தெரியவே இல்லை.

நீ தாண்டவில்லை. சொன்னாய். எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. இனி அதை நீ சுமக்க வேண்டாம்.

இப்போது ஏரி.

நினைவிருக்கிறது. என் மடியில் என் வகுப்புப் பிள்ளைகளின் விடைத்தாள் கட்டு இருந்தது. மூக்கு உரசத் திருத்திக்கொண்டிருந்தேன். "தண்ணியப் பாரேன்" என்றாய். "தண்ணி எங்க ஓடியாடப் போகுது, இருக்கட்டும்" என்றேன். ஒரு தடவை நிமிர்ந்தேன். சாம்பல் நிறமாக ஏதோ இருந்தது, ஒரு பலகைத் தோணி, மேலே வெளிச்சம். மறுபடி குனிந்துவிட்டேன். யாரோ ஒரு பையன் மழைக்காட்டைப் பற்றி எழுதிய தப்பான பதிலுக்கு அந்த ஜன்னலைச் செலவழித்தேன்.

நாளைக்கும் பார்க்கலாம் என்று இருப்பவள் அப்படித்தான் பார்ப்பாள். நீ எனக்கு ஏரியைக் கொடுத்தாய், ஒடுரோ. அது கடைசி ஏரி என்பதை நீ வைத்துக்கொண்டாய். அழுதுகொண்டு பார்த்திருப்பேன் என்பது உண்மைதான். அந்த அழுகையும் என்னுடையது.

உன் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதனால்தான் கஷ்டமாக இருக்கிறது. உன் முடிவுகள் எல்லாம் அழகானவை. தவளைகள் இல்லாத அந்தப் புத்தகம் உன்னுடையதைவிட மோசம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் உன் பக்கத்தில் இருந்தால் நான் மறுபடி கேட்டுக்கொண்டிருப்பவள் ஆகிவிடுவேன். அவள் சுகமாக இருந்தாள். அவளாக என்னால் இனி இருக்க முடியாது.

கிறிஸ்துமஸுக்கு வா. விருந்தாளியாக வா. தாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அலமாரியை நீயே வைத்துக்கொள். அராபாவிடம் என் நன்றியைச் சொல், எட்டிப் பார்க்காததற்கு.

இன்று காலை வீட்டுக்கார அம்மா அஜெய்வாவிடம் போனேன். புது ஒப்பந்தத் தாளை மேசையில் விரித்துப் போனைப் பிடித்தேன். ஆப்பு முழுக்கப் படித்து முடிக்கும்வரை அந்த அம்மா ஊறல் எடுத்தது போல நெளிந்துகொண்டிருந்தார்.

"எல்லாத்தையுமா கேப்ப? எம்புருஷன் வக்கீல் ஆபீஸ் கிளார்க்கு. அவரே கடைசிப் பக்கத்தத்தான் பாப்பாரு."

"வாடகைக்காரர்னு எம்புருஷன் பேரு இருக்கும்மா. எம்பேரப் போடணும்."

"அவருதானே போன தடவ போட்டாரு?"

"இந்தத் தடவ நான்."

தாளை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு, "சரி, மகளே" என்று தாளை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் வேறு தாள் அடித்து வந்தது. கைநாட்டுக்கு மை டப்பாவை என் பக்கம் தள்ளினார். பேனா கேட்டேன். புதுத் தாளையும் முதலிலிருந்து கேட்டேன். பிறகு இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்.

பிராகோ