சிங்கப்பூரிலிருந்து வந்த உன் பெயர்

இன்று காலை ஸ்குரூடிரைவர் தேடி சர்வர் அறையின் இழுப்பறையை இழுத்தேன். உன் தலைவலித் தைலம் உருண்டு முன்னால் வந்தது. அடியில் ஒரு சொட்டுதான் மிச்சம். வாசனை மட்டும் குறையவே இல்லை. அந்தக் குளிரில் மண்டை இடிக்கிறது என்று நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் தேய்த்துக்கொண்டு, அதே விரலால் என் கீபோர்டையும் தொடுவாய். அதற்காக எத்தனை முறை உன்னைத் திட்டியிருப்பேன். இன்று அதை மோந்துகொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. தணிக்கைக்காரர்கள் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். வேலையில் இல்லாதவர்களின் பயனர் கணக்குகளை எல்லாம் இன்று மாலை ஐந்து மணிக்குள் நீக்க வேண்டுமாம். பதினொரு பெயர்கள். பத்தைத் தேநீருக்கு முன்பே நீக்கிவிட்டேன். உன்னுடையது அப்படியே இருக்கிறது.

ஜொகூர் பாருவின் தம்போயில் இந்த பிளாஸ்டிக் மூடித் தொழிற்சாலையில் நாம் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். ஐந்து லினக்ஸ் சர்வர்கள், இரண்டு பெண்கள், ஒரு மேசை. பத்து பாகாட் ஊரிலுள்ள கிளையின் கோப்புகளை மூன்று இடங்களில் நகல் எடுத்து வைப்பாய். எதற்கு மூன்று என்று கேட்டால், "எங்க சிகாமட்ல தண்ணி வந்தா எத மொதல்ல தூக்குறதுன்னு யோசிக்க நேரம் இருக்காது" என்பாய். வெள்ளத்தில் வீட்டுச் சாமான்களைப் பறிகொடுத்தவளிடம் வாதாட முடியுமா? மூன்று நகலாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இன்றும் மூன்றுதான்.

நீ ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும், உன்னை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று மேனேஜர் சொன்னார். எல்லாரையும்விட வேகமாகத் தலையாட்டியவள் நான்தான். ஒருவரும் உனக்குப் போன் போடவில்லை. அதை அக்கறை என்று நினைத்துக்கொண்டோம்.

நான்காவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, யார் யார் சர்வருக்குள் வந்திருக்கிறார்கள் என்று பதிவைப் பார்த்தேன். பத்தேகாலுக்கு உன் பெயர். வந்த இடம் சிங்கப்பூர். நீயோ ஜொகூர் பாருவில் கட்டிலில் கிடக்கிறாய். உன் பெயரில் எவனோ புகுந்துவிட்டான் என்று நினைத்தேன். என்ன செய்தான் என்று தேடினேன். இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பழைய பதிவுகளை அழித்திருந்தான். மூன்று நாளாக நின்றுபோயிருந்த பத்து பாகாட் நகலை மறுபடி ஓடவிட்டிருந்தான். வீட்டைப் பெருக்கிவிட்டுப் போகிற திருடன் எங்காவது உண்டா? அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். தடயத்தை அழிக்கிறான் என்றுதான் தோன்றியது.

உன் கடவுச்சொல்லைப் பூட்டினேன். மறுநாள் அதே பத்தேகாலுக்கு மறுபடி உள்ளே. அப்புறம்தான் உறைத்தது. உன் மடிக்கணினியைச் சர்வர் அடையாளம் கண்டுகொள்ள ஒரு சாவிக் கோப்பு வைத்திருந்தாய். அது இருக்கும்வரை கடவுச்சொல்லை யாரும் கேட்கப் போவதில்லை. முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்தே விட்டிருக்கிறேன். இத்தனை வருஷ அனுபவத்துக்கு அது வெட்கக்கேடு. அந்தக் கோப்பின் பெயரை மாற்றி வைத்தேன். அடுத்த நாள் பத்தேகாலுக்கு வரிசையாக ஒன்பது வரிகள். அனுமதி மறுக்கப்பட்டது, மறுக்கப்பட்டது, மறுக்கப்பட்டது. தடுத்துவிட்டேன் என்று மேனேஜரிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன்.

சனிக்கிழமை மதியம் மீ ஹூன் சேமியா கட்டிக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தேன். போர்வைக்குள்ளிருந்து மடிக்கணினியின் ஒரு முனை நீட்டிக்கொண்டிருந்தது. இங்கே லைன் கிடைக்கிறதா என்று சும்மாதான் கேட்டேன். உன் கணவர்தான் பதில் சொன்னார். "ஆஸ்பத்திரி வைஃபை சரியில்லைமா. என்னோட ரெண்டாவது போன இங்க வச்சிட்டுப் போறேன், அதுலதான் இழுத்துக்கிறா. சிங்கப்பூர் நம்பர், இங்கயும் நல்லாக் கிடைக்குது." விடிவதற்குள் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர் அவர். இந்த ஊரில் பாதிப் பேரின் சட்டைப்பையில் அந்த நம்பர் இருக்கிறது. அதில் எங்கிருந்து நுழைந்தாலும் பதிவில் சிங்கப்பூர் என்றுதான் விழும். ஜொகூர்க்காரியான எனக்கு அது தோன்றவில்லை.

நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். "ஒம்போது தடவ தட்டினேன்டி," என்றாய்.

ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நான் தடுத்துவிடுவேன் என்று பயந்ததாகச் சொன்னாய். தலையணையில் சாய்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாய்.

"இங்க எல்லாரும் எங்கிட்ட மெதுவாப் பேசுறாங்க. சர்வர் மட்டுந்தான் எம்மேல பாவப்படல. தெனம் அரை மணி நேரம் போதும்லா எனக்கு."

திங்கட்கிழமை திறந்துவிடுகிறேன் என்று உன் கையைப் பிடித்துச் சொன்னேன். திங்கட்கிழமை மேனேஜரிடம் கேட்டேன். விடுப்பில் இருப்பவர் கணக்கு மூடியே இருக்கட்டும், தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். சரி என்று வந்துவிட்டேன். ஒரு கோப்பின் பெயரை மாற்ற ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை அடிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இந்த வாரத்துக்குள் ஆகிவிடும் என்று உனக்குச் செய்தி அனுப்பினேன். நீ கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினாய். வியாழக்கிழமை உன் கணவர் அழைத்தார்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். யார் பெயர் எங்கிருந்து வந்தாலும், பூட்டுவதற்கு முன் உரியவருக்குப் போன் போடுவேன். போன மாதம் ஸ்டோர்காரர் பெயர் தாய்லாந்திலிருந்து வந்தது. அழைத்தேன். "நான்தான்மா, லீவுல வந்தும் மனசு கேக்கல," என்றார். நீதான் பேசுகிறாயோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. உடம்பு சரியில்லாதவர்களுக்கும் அழைக்கிறேன். அவர்களுக்குத்தான் முதலில் அழைக்கிறேன்.

இன்று உன்னுடையதை எப்படிச் சொல்லாமல் மூடுவது? உன் எண்ணுக்கே அழைத்தேன். உன் கணவர் அதை இன்னும் உயிரோடு வைத்திருக்கிறார். பின்னால் கிரேன் ஓடும் சத்தம்; வேலையில் இருந்தார்.

"அண்ணே, அவ கணக்க இன்னைக்கு மூடணும். சொல்லிட்டு மூடலாம்னு கூப்பிட்டேன்."

கிரேன் சத்தம் தேயும் தூரத்துக்கு நடந்து போனார்.

"அரை மணி நேரம் திறந்து வச்சிட்டு மூடுங்கமா," என்றார்.

யாரையும் கேட்கவில்லை. கோப்புக்குப் பழைய பெயரைக் கொடுத்தேன், கடவுச்சொல்லின் பூட்டை எடுத்தேன். அந்த ஒரு சொட்டுத் தைலத்தை நெற்றியில் தேய்த்துக்கொண்டு, பதிவின் முன்னால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பத்து பாகாட் நகல் ஓடி முடிந்தது. ஸ்டோர்காரர் வந்தார், போனார். அரை மணி நேரம் எப்போதோ கடந்துவிட்டது. மணி நாலே முக்கால். ஐந்துக்கு மூடிவிடுவேன். அதுவரை திறந்திருக்கிறதுடி, வா.