தார்ப்பாய் போட்டு மூடிய வண்டி

கண்ணுக்குள்ளேயே நிற்கிற என் தம்பி ஈஸ்வரனுக்கு,

இன்று காலையில் எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், முதலில் உன் பிக்கப் வண்டியிடம்தான் போனேன். நேற்று அடித்த பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று கதவில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. வெள்ளை நிறம். நீ ஆசைப்பட்ட மயில்கழுத்து நீலம் இல்லை. நாளைக்குக் குமுளியிலிருந்து வரப்போகிறவர் வெள்ளைதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆமாம்டா, வண்டியை விற்கப்போகிறோம். அதற்காகத்தான் ஒரு மாதமாக நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான வாசலில் இத்தனை தட்டலும் தேய்ப்பும்.

ஒவ்வொரு சித்திரையிலும், "வீரபாண்டித் திருவிழாவுக்குள்ள பெயிண்ட் அடிச்சிரணும்க்கா" என்பாய். திராட்சை லோடு உன்னை விடாது. அடுத்த வருஷம் என்று தள்ளிப்போகும். நீ இருந்தபோது அடிக்காத பெயிண்டை, முகம் தெரியாத ஒருவர் கண்ணுக்கு நன்றாக இருக்கவேண்டும் என்று இப்போது அடித்திருக்கிறோம். இதை உன்னிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஓடிக்கொண்டிருந்த வண்டி எப்படி இப்படித் துருப்பிடித்தது என்று கேட்பாய். பத்திரமாக வைத்ததால்தான். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வராத அந்த வாரமே, புதுத் தார்ப்பாய் வாங்கி, காற்றுப் புகாதபடி இழுத்துக் கட்டினோம். தலைத் தெவசம் முடியாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்றார்கள். தெவசம் முடிந்தது, ஆடி பிறந்துவிட்டது. பிறகு மார்கழி. பிறகு பங்காளி வீட்டில் ஒரு சாவு. அமாவாசைக்கு அமாவாசை தார்ப்பாயின் மேலேயே மாலை போட்டுச் சூடம் காட்டினோமே தவிர, ஒருநாளும் அவிழ்த்துப் பார்க்கவில்லை. மூன்று வருஷம் கழித்து அவிழ்த்தபோது உள்ளேயிருந்து பாழுங்கிணற்று வாடை வந்தது. உள்ளே இறங்கிய மழைத்தண்ணீர் ஆவியாகிப் போக வழியில்லாமல் அங்கேயே நின்று, பின்பாடித் தகடு விரல் பட்டதும் அப்பளம்போல் உடைந்தது.

உத்தமபாளையத்திலிருந்து முத்து வந்தார். டிங்கரிங், பெயிண்ட் இரண்டும் பார்க்கிறவர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "வெயில்ல மொட்டையாக் கெடந்திருந்தாக்கூட இம்புட்டு ஆகியிருக்காது யக்கா. சாமி கும்பிட்டே கொன்னுட்டீக" என்றார். உன் பெண்டாட்டி செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை காலமாகிவிட்டது.

முத்து இற்றுப்போன தகட்டை அறுத்தெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை எனக்கும் செல்விக்கும். துருவுக்குப் பூசுகிற ரெட் ஆக்சைடுச் சிவப்பு நகக்கண்ணில் ஏறிவிட்டது. தேனி ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரி, மருதாணியா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். நீ முழங்கையை ஊன்றி ஊன்றிப் பெயிண்ட் தேய்ந்துபோன ஜன்னல் விளிம்பையும் நான்தான் தேய்த்தேன். அதன்மேல் முத்து பிரைமர் அடித்தபோது வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சின்னமனூர்ச் சித்தப்பாதான் விற்க ஏற்பாடு செய்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. கிடைக்கிற பணத்தை உன் மகள் பேரில் போட்டுவைக்கலாம், நின்றுகொண்டே இருந்தால் இரும்பு விலைக்குக்கூடப் போகாது என்றார். தொண்ணூற்றெட்டில் சம்பளக்காரி என்பதால் என் பேரில்தானே கடன் வாங்கி வண்டியை எடுத்தாய்? அதனால் கையெழுத்து என்னுடையது. செல்வியிடம் கேட்டேன். "உங்க இஷ்டம் மதினி" என்று சொல்லிவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு சுலபமாக எடுத்துக்கொண்டேன் பார்.

முந்தாநாள் நடந்ததைச் சொல்கிறேன். வேம்பு பூத்து உதிர்கிற நேரம். ஈரப் பெயிண்டில் பூ ஒட்டிக்கொள்ளும், வண்டியை மரத்தடியிலிருந்து வெளியே எடுத்தால்தான் வேலை நடக்கும் என்றார் முத்து. பேட்டரி மாற்றி என்ஜினைச் சரிசெய்த மெக்கானிக் கம்பத்துக்குப் போய்விட்டார். முத்துவுக்கு ஓட்டத் தெரியாது. சித்தப்பா, டீக்கடைப் பக்கம் டிரைவர் யாராவது இருப்பான் என்று தேடிப்போனார்.

செல்வி கையைச் சேலையில் துடைத்தாள். கதவைத் திறந்து ஏறினாள். சாவியைத் திருப்பினாள். நான் என்ன என்று கேட்பதற்குள் வண்டி உறுமி, பின்னால் நகர்ந்தது. தண்ணீர்த் தொட்டிக்கும் தென்னைக்கும் நடுவே இருக்கிற அந்த இடுக்கு வழியாக, தலையை வெளியே நீட்டிப் பார்த்துப் பார்த்து ஒடித்து, தெருவில் கொண்டுபோய் நிறுத்தினாள். உன்னைப்போலவே முழங்கை வெளியே இருந்தது.

டிரைவரோடு திரும்பி வந்த சித்தப்பா, வண்டியை யார் எடுத்தது என்று கேட்டார். "உங்க மருமகதான்" என்றார் முத்து. சித்தப்பா அதை நம்பவில்லை. "ஏலே, வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு, வந்தவனுக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினார்.

அவர் போன பிறகு செல்வியிடம் கேட்டேன்.

"அவுகதான் பழக்கிவிட்டாக மதினி. மதுரையில லோடு எறக்கிட்டு வெறும் வண்டியா வரும்போது, வைகை அணைப் பக்கம் திருப்பி, நீ உக்காருன்னு எறங்கிருவாக."

நீ மதுரைக்குப் போகும்போதெல்லாம், சேலைக்கடை பார்க்க அவளும் கூட வருகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு தூரம் போய் எதற்கு என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். "இங்கன ஓட்டுனா உங்க காதுக்கு வந்துரும்ல. லைசென்சு எடுக்கையில அக்காட்ட பக்குவமாச் சொல்லிக்கிறலாம்னாக."

ஈஸ்வரா, நம் வீட்டில் காலேஜ் படித்தவள் நான் ஒருத்திதான். ஊரில் யாருக்கு என்ன விண்ணப்பம் எழுதவேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருகிறார்கள். என்னிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று நானே எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். உன் பெண்டாட்டிக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பதை மட்டும் ஏன் என்னிடம் சொல்ல முடியவில்லை? சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? இரண்டு ராத்திரியாக யோசித்தும், சரி என்று சொல்லியிருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல வரவில்லை. உனக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது.

அவளுக்கு ஓட்ட வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தால் வண்டி இந்த மூன்று வருஷமும் ஓடியிருக்கும் இல்லையா? அவள் கிழிந்த பாவாடைக்கும் ஜாக்கெட்டுக்கும் தையல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

நேற்று சாயங்காலம், நீ இதை ஓட்டுவாயா என்று அவளிடம் கேட்டேன். "அறுப்பு நேரத்துல வண்டி கிடைக்காம ரோட்டுல நிக்கிறாக மதினி. பக்கத்துத் தோட்டத்துக்காரக எங்கிட்டயே கேட்டாக, வண்டிய என்ன செய்யப்போறீகன்னு" என்றாள். பிறகு, விற்பதாகப் பேசிவிட்டோமே என்று அவளே சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

நாளைக்குச் சித்தப்பா அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வருவார். உட்காரவைத்துக் காபி கொடுப்பேன். கையெழுத்துப் போடமாட்டேன். சித்தப்பாவுக்குக் கோபம் வரும், கொஞ்ச நாள் பேசாமல்கூட இருப்பார். திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுச் செல்வியைத் தேனிக்குக் கூட்டிப்போய் லைசென்சுக்கு எழுதிக்கொடுக்கிறேன். வண்டியை அவள் பேருக்கு மாற்றிவிடுகிறேன். இது இன்னும் செல்விக்கே தெரியாது. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

இனி அவள் வைகை அணை வரைக்கும் போய் ஒளிந்து ஓட்டவேண்டாம். நம் தெருவிலேயே ஓட்டட்டும். யார் என்ன பேசினாலும் என் காதுக்கு வரட்டும். பதில் நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன் கூடப்பிறந்தவள்,
சாந்தி அக்கா