நாலாவது இன்ஜெக்டர்

ஐப்பசி, ஞாயிறு இரவு

கை இன்னும் டீசல் நாறுகிறது. தூக்கம் வருகிற மாதிரி இல்லை.

தேயிலைக் கொழுந்து விலை விழுந்து ஃபேக்டரியைப் பூட்டியதிலிருந்து வீட்டில் திருப்பூர் பேச்சுதான். வரும் புதன்கிழமை அங்கே பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்புவதாக இருந்தேன். என் மனைவி செல்வி பையும் கட்டிவிட்டாள். அவள் அண்ணன் விட்டுப்போன டீசல் கார் மட்டும் புகை தள்ளாமல் ஓடினால், வாடகைக்கு ஓட்டி இங்கேயே பிழைத்துக்கொள்ளலாம்.

அதனால் இன்று வாசலிலேயே, இன்ஜினுக்குள் டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்யக் கழற்ற உட்கார்ந்தேன். மூன்று அசைந்துகொடுத்தன. நாலாவது கரி பிடித்துக் கல் மாதிரி நின்றது. சுத்தியலால் தட்டினால் அதன் நுனி உடையும். அதன் நட்டை மட்டும் இரண்டு சுற்று தளர்த்தி, வண்டியை கியரில் போட்டு இறக்கத்தில் உருட்டினால் இன்ஜினுக்குள் அழுந்தும் காற்றே அதை வெளியே தள்ளும் என்று தோன்றியது. பேட்டரி செத்த வண்டியை இங்கே எல்லோரும் அப்படித்தானே கிளப்புகிறோம்.

செல்வியை ஸ்டீயரிங்கில் உட்காரவைத்தேன்.

"ஏனுங்க, பிரேக் புடிக்குமுங்களா?"

"புடிக்கும். நான் சொன்னதும் கிளட்ச்சை விடு."

பின்னாலிருந்து தள்ளினேன். கொழுந்து நிறுக்கிற ஷெட்டுக்கு முன்னால் கிளட்ச்சை விட்டாள். வண்டி குலுங்கியது. உள்ளே 'டப்' என்றது. பானெட்டைத் திறந்தால், நாலாவது இன்ஜெக்டர் விரல் பட்டாலே ஆடுகிறது. நாலையும் கையாலேயே உருவினேன். சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல் இருந்தது. நாளைக்குக் குன்னூரில் கொடுத்துச் சுத்தம் செய்தால் போதும்.

துளைகளில் தூசி விழாமல் அடைக்க நல்ல துணி வேண்டும் என்றேன். செல்வி ஓடிப்போய்க் கிழித்தே கொண்டுவந்தாள். நாலையும் அடைத்த பிறகுதான் கவனித்தேன். திருப்பூருக்கென்று பையில் மடித்து வைத்திருந்த என் புதுச் சட்டை.