காட்டுக்குள் நின்ற இரண்டு புள்ளிகள்

செங்கல்பட்டு,
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள சிநேகாவுக்கு,

கர்த்தர் கிருபையில் நானும் ஜாக்குலின் பாப்பாவும் சுகமாக இருக்கிறோம். அந்த போர்ச்சுகல் குளிர் உன்னை ஒன்றும் செய்யக்கூடாது என்று இரண்டு பேரும் தினமும் ஜெபம் செய்கிறோம். போனில் பேசினால் என் குரல் எகிறிவிடுகிறது. அதனால்தான் தாளில் எழுதி, படம் பிடித்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன். பொறுமையாகப் படி.

ஜாக்குலின் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள். அவளுக்கு ஜடை பின்ன எனக்கு வரவில்லை, எதிர்வீட்டு விஜயகுமாரி அக்கா பின்னிவிடுகிறார். தண்ணீர் மோட்டார் மறுபடியும் மக்கர் செய்தது, சரி செய்துவிட்டேன். எனக்கு அதே ஷிப்ட்தான். காலையில் ஆட்களைக் கம்பெனியில் இறக்கிவிட்டு, சாயங்காலம் வரை கேட்டுக்கு வெளியே பஸ்ஸிலேயே கிடக்கிறேன்.

விஜயகுமாரி அக்கா ஜடை பின்னிக்கொண்டே என்னைத் துருவுகிறார். "இன்னா ஜெபா, காட்டுக்குள்ள ஓடுறதுக்கா உன் பொண்டாட்டி ஏரோப்ளேன் ஏறிப் போயிக்குது? இங்க இல்லாத காடா?" நான் விளக்கிச் சொன்னேன். காட்டுக்குள் அங்கங்கே கொடி கட்டியிருப்பார்கள், மேப்பையும் காம்பஸையும் பார்த்து ஒவ்வொரு கொடியாகத் தேடிப் பிடித்து ஓடிவர வேண்டும், ஓரியண்டீரிங் என்று பெயர், ஒரு வாரம் பயிற்சியும் போட்டியும் என்றேன். கூட யார் என்று கேட்டார். சென்னை கிளப் ஆட்கள், நம் பக்கத்திலிருந்து மதுராந்தகம் சாம் என்றேன். "ஃபயர் சர்வீஸ்ல கீறானே, அந்தப் பையனா?" என்று கேட்டவர், ஒரு மாதிரியாகச் சிரித்துக்கொண்டே ஜடையை முடிந்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் குத்துகிறது.

மனசில் வைத்துக்கொள்ளாமல் கேட்டுவிடுகிறேன். முதல் நாள் நீ அனுப்பிய போட்டோவில் ஒரு நீல நிறக் குளிர் ஜாக்கெட் போட்டிருந்தாய். அதன் கை உன் விரல்களைத் தாண்டித் தொங்குகிறது. நாம் தாம்பரத்தில் வாங்கியது கறுப்பு. இது யாருடையது? ராத்திரி சிக்னல் இல்லை என்று போனை வைக்கிறாய், ஆனால் ஆன்லைனில் இருப்பதாக வாட்ஸ்அப் காட்டுகிறது. திங்கட்கிழமை உன் உடற்கல்விச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய். எதற்கு என்றால், சும்மா என்றாய். நான் இன்னும் அனுப்பவில்லை. ஓடப்போன இடத்தில் சான்றிதழுக்கு என்ன வேலை?

புதன்கிழமை நீ போட்டிக்குக் கிளம்பும்போது போனில் நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். அதை விடு. அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம். ஓடுகிறவர்கள் முதுகில் ஜிபிஎஸ் கட்டியிருப்பார்கள், யார் எங்கே ஓடுகிறார்கள் என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று நீதானே லிங்க் அனுப்பினாய்? கம்பெனி கேட்டில் நின்றபடி பார்த்தேன். உன் பெயர் போட்ட சிவப்புப் புள்ளி நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு இடத்தில் வட்டமடித்து நின்றுவிட்டது. மேப்பில் அங்கே கொடியே இல்லை. கொஞ்ச நேரத்தில் சாமின் பச்சைப் புள்ளி வந்து பக்கத்தில் நின்றது. மற்ற புள்ளிகளெல்லாம் எறும்பு மாதிரி ஓடிக்கொண்டிருக்க, நீங்கள் இருவர் மட்டும் அசையவில்லை. நான் ஒரு டீ வாங்கி, ஆறவைத்துக் குடித்து, கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் அங்கேயே இருந்தீர்கள். பிறகு அந்தப் பதிவைப் பின்னுக்கு இழுத்து இழுத்து எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

நேற்று லீவு போட்டுவிட்டு பைக்கில் மாமல்லபுரம் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் பயிற்சி எடுக்கும் சவுக்குத் தோப்புக்குள் நடந்து பார்த்தேன். பத்தடி உள்ளே போனால் ரோட்டில் நிற்கிறவனுக்கு ஆள் தெரியாது. ஓரத்தில் இளநீர் விற்கும் வேண்டா என்று பெயருள்ள அம்மாவிடம் மெதுவாக விசாரித்தேன். "ஒண்ணாத்தான் வருவாங்கோ. உள்ள பூந்தா ஆளுக்கு ஒரு பக்கம் ஓடிப்புடுவாங்கோ. இன்னா விசியம், நீ யாரு?" என்று கேட்டார். நான் யார் என்று சொல்லாமல் வந்துவிட்டேன். ஆளுக்கு ஒரு பக்கம் போவதை ரோட்டில் உட்கார்ந்திருக்கிறவர் எப்படிப் பார்த்தார் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

புதன்கிழமை அங்கே என்ன நடந்தது? எனக்கு உண்மை வேண்டும். பாப்பாவின் முத்தங்கள்.

இப்படிக்கு,
ஜெபக்குமார்


போர்ச்சுகல்,
வெள்ளிக்கிழமை மாலை.

அன்புள்ள ஜாக்குலின் அப்பாவுக்கு,

சிநேகா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். பாப்பாவுக்கு முத்தங்கள். ஜடை பின்னிவிடும் அக்காவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள், வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

இது கடலோரக் காடு. மணலில் பைன் மரங்கள். கால் வைத்ததும் நம் சவுக்குத் தோப்பு ஞாபகம்தான் வந்தது. ஆனால் இங்கே மணல் மேடும் பள்ளமுமாகப் புரண்டு கிடக்கிறது, எல்லா மேடும் ஒரே மாதிரி இருக்கிறது. முதல் இரண்டு நாள் பயிற்சியில் மேட்டைப் பார்த்து மேப்பைப் படிக்கப் பழக்கினார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. அந்தச் சந்தோஷத்தை உங்களிடம் சொல்லத்தான் புதன்கிழமை போனை எடுத்தேன்.

நீங்கள் எடுத்த எடுப்பில் என்ன சொன்னீர்கள் என்று உங்கள் கடிதத்தில் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். "அவன் பக்கத்துல தானே கீறான்? போனை அவன்கிட்ட குடு" என்றீர்கள். நாங்கள் எல்லாரும் நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போன் ஸ்பீக்கரில் இருந்தது. மற்றவர்கள் உங்கள் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த சாமுக்கு வார்த்தையும் கேட்டது. அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

அன்றைக்குக் கடலிலிருந்து மூடுபனி வந்தது. மேப்பைப் பார்த்தேன், எதுவும் ஏறவில்லை. காதுக்குள் உங்கள் குரல்தான் கேட்டது. ஒரே மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வந்த வழியும் தெரியவில்லை, போகிற வழியும் தெரியவில்லை. ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அழக்கூடாது என்றுதான் இருந்தேன்.

சாம் எனக்குப் பின்னால் கிளம்பியவன். என்னைப் பார்த்துவிட்டு நின்றான். "அக்கா, இன்னா ஆச்சு? அடி பட்டுச்சா?" என்றான். இல்லை என்று தலையாட்டினேன். போட்டியில் ஒருவருக்கொருவர் வழி சொல்லக்கூடாது. அவன் மேப்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, "வழி சொல்ல மாட்டேன்கா, ரூல் தப்பு. ஆனா நீ எழுந்துக்கற வரைக்கும் இங்கியேதான் நிப்பேன். பனியில உன்ன வுட்டுட்டுப் போவ முடியாது" என்றான். மாமாவிடம் நானே பேசட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். பிறகு நான் எழுந்தேன். அவன் ஒரு பக்கம் ஓடினான், நான் ஒரு பக்கம் ஓடினேன். மெடல் வாங்குவான் என்று எல்லாரும் நம்பியிருந்த பையன் கடைசியில் வந்தான். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் டீயை ஆறவைத்துக் குடித்தபோது நடந்தது இதுதான்.

ஜாக்கெட் அவனுடையதுதான். கறுப்பு ஜாக்கெட் இந்தக் குளிருக்குத் தாங்கவில்லை. கொடுத்தான், வாங்கிப் போட்டேன். சிக்னல் இல்லை என்றது பொய். உங்களோடு பேசிவிட்டுப் படுத்தால் மறுநாள் என்னால் ஓட முடியவில்லை.

சான்றிதழ் விஷயத்தில் உங்கள் சந்தேகம் சரி. இங்குள்ள கிளப் ஒன்றில், கோடையில் மூன்று மாதம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வருகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். சாமை அல்ல, என்னை. உங்களிடம் மறைத்தேன். சொன்னால் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் போட்டி. அதுவரை போன் செய்யாதீர்கள். பாப்பாவைச் சீக்கிரம் தூங்க வையுங்கள்.

சிநேகா


செங்கல்பட்டு,
ஞாயிறு இரவு.

அன்புள்ள சிநேகாவுக்கு,

நீ சொன்னபடி போன் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை உன் கடிதத்தைப் படித்துவிட்டு சாமுக்கு ஒரு மெசேஜ் டைப் செய்தேன், அழித்தேன், மறுபடியும் டைப் செய்தேன். கடைசியில் "தம்பி, மன்னிச்சுக்கோ" என்று மட்டும் அனுப்பினேன். "பரவால்ல மாமா" என்று பதில் வந்தது. அதைப் பார்த்ததும் நிம்மதிக்குப் பதில் எனக்கு இன்னும் கூச்சமாகிவிட்டது.

இன்றைக்கு சர்ச் முடிந்து வந்து சாப்பிட்டதும், பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போட்டியைப் பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன், முதலில் என் கண் பச்சைப் புள்ளியைத்தான் தேடியது. பாப்பாதான், "அம்மா எங்கப்பா? செவப்பு எங்க?" என்று என் கையைத் தட்டினாள். பிறகு உன்னை மட்டும் பார்த்தோம். ஒரு கொடியிலிருந்து அடுத்த கொடிக்குக் கோடு போட்ட மாதிரி போனாய். ஒரு இடத்தில் எல்லாரும் இடது பக்கம் சுற்றிப் போக, நீ மட்டும் நேராக மேட்டில் ஏறினாய். தொலைந்துவிட்டாய் என்று நினைத்தேன். மேடு இறங்கியதும் மூன்று பேருக்கு முன்னால் இருந்தாய். பாப்பா கத்திய கத்தில் விஜயகுமாரி அக்கா ஓடிவந்து, "இன்னாச்சு, இன்னாச்சு?" என்றார். "சிநேகா ரெண்டாவதா வந்துட்டா" என்றேன். அவர் வேறு ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் போனை அவர் கையில் கொடுத்து, நீ ஏறிய மேட்டைக் காட்டினேன்.

சான்றிதழ் படம் இதோடு வருகிறது. பிளாஸ்டிக் உறை பளபளத்தது, அதனால் மாடியில் வெளிச்சத்தில் வைத்து எடுத்தேன். உன் பெயரும் முத்திரையும் தெளிவாக விழுந்திருக்கிறதா பார். ஜடை பின்ன நான் கற்றுக்கொள்கிறேன். இன்று கோணலாக வந்தது, அப்படியே சர்ச்சுக்கு வந்தாள்.

உன்னை முழுசாக நம்பிவிட்டேன் என்று எழுதினால் அது பொய். அந்தக் குணம் ஒரு கடிதத்தில் போய்விடாது என்று எனக்குத் தெரியும், உனக்கு அதைவிட நன்றாகத் தெரியும். மூன்று மாதம் நீ அங்கே இருந்தால் நான் எப்படி இருப்பேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது. ஆனாலும் பதில் சொல்ல வேண்டியது நீ. நான் இல்லை.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். செவ்வாய்க்கிழமை நானும் பாப்பாவும் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு வருகிறோம். சாமும் நம்மோடு வரட்டும், மதுராந்தகத்தில் அவன் வீட்டிலேயே இறக்கிவிடுகிறேன். வண்டியில் நான் ஏதாவது தப்பாகக் கேட்டால் அவன் எதிரிலேயே என்னைத் திட்டு. கோபமாகவே பேசு. பேசாமல் மட்டும் வராதே, சிநேகா.

உன்,
ஜெபா