வாயில் வராத பெயர்

கொஸ்லந்த,
செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள மகள் விதுஷாவுக்கு அம்மா எழுதுவது. முத்துமாரி புண்ணியத்தில் நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், நீயும் அந்த வெயிலில் மேலுக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். லீவு முடிந்து உன்னோடு வேலை செய்யும் ஹம்ஸியா வியாழக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறாள், அவள் கையில் மிளகாய்த்தூளும் இந்தக் கடிதமும் கொடுத்து விடுகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பாய், போன் பேசும்போது உன் அப்பா பக்கத்திலேயே நிற்கிறாரே, அவரை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வேன்.

இங்கே நாலு நாளாக மழை விடவில்லை, மனசு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. நம் லயத்து வீடுகளுக்கு மேலே மலையில் மண் வெடித்திருக்கிறது, எட்டிப் பார்ப்பதும் உள்ளே வருவதுமாக இருக்கிறேன், ரொட்டி இரண்டு தடவை கருகிவிட்டது. போன கார்த்திகை மழையில் ஆறு நாள் போன் வேலை செய்யாமல், நாங்கள் இருக்கிறோமா இல்லையா என்று நீ அங்கே அழுதுகொண்டு கிடந்தாய் அல்லவா, அதற்காகத்தான் போன் இல்லாவிட்டாலும் ஊர் விட்டு ஊர் பேசுகிற ரேடியோ பழகச் சேர்ந்தேன். பண்டாரவளையிலிருந்து ஸியாம் சார் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்துக்கு வந்து சொல்லிக்கொடுக்கிறார், லைசன்ஸ் அவருக்குத்தான், அவர் பக்கத்தில் இருந்தால் நாங்கள் பேசலாம். பட்டனை அமுக்கி, ஒரு மூச்சு விட்டு, மெதுவாகப் பேச வேண்டும், முடித்ததும் ஓவர் சொல்ல வேண்டும். மலையில் கத்திப் பழகிய தொண்டை, முதல் நாள் சார் காதைப் பொத்திக்கொண்டார். இப்போது என் குரல்தான் தெளிவு என்கிறார், பெருமைக்குச் சொல்லவில்லை.

போன ஞாயிறு ஒத்திகை. மண் சரிந்து லயத்து ஆட்கள் ஸ்கூலுக்கு வந்துவிட்டதாகவும், பதின்மூன்று பேர் வந்து சேரவில்லை என்றும் வைத்துக்கொண்டோம், அந்தப் பதின்மூன்று பேரும் மலையில் அங்கங்கே போய் உட்கார்ந்துகொண்டார்கள். அந்தப் பெயர்களை நான் பண்டாரவளைக்கு வாசிக்க வேண்டும், அவர்கள் எழுதித் தேடும் ஆட்களுக்குக் கொடுப்பார்கள். பன்னிரண்டு பெயரைக் கணீரென்று வாசித்தேன். பதின்மூன்றாவது உன் அப்பா. "அடுத்தது எங்க வீட்டுக்காரருங்க, ஓவர்" என்று சொல்லிவிட்டேன். பெயர் என்ன என்று திருப்பிக் கேட்டார்கள், வெட்கத்தில் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டேன், ஸியாம் சார் பேட்டரி வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்ததில் கவனிக்கவில்லை. பெயர் இல்லாத ஆளை அவர்கள் எப்படி எழுதுவார்கள், பன்னிரண்டோடு கோடு போட்டுவிட்டார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் வந்து சோற்றுப் பார்சல் சாப்பிட்டாகிவிட்டது, உன் அப்பா மேல்மலையில் ஒழுகுகிற கொட்டகையில் பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும் நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். மண்டபமே சிரித்தது, நானும் சிரித்தேன். நடுங்கிக்கொண்டு வந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. "பேரு சொன்னா புருசன் ஆயுசு கொறையும்னு சொல்லாம இருந்தே, இப்ப சொல்லாமலே என்னைய மண்ணுக்குள்ள விட்டுட்டியேடி" என்றார். அடிப்பாவி மாரியாயி, நிஜமாக இருந்திருந்தால் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

நீ இங்கே இருந்தவரைக்கும் இந்தக் கஷ்டம் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் துண்டுச்சீட்டு எழுதும்போதும், அர்ச்சனைக்குப் பெயர் கேட்கும்போதும் நீதான் முந்திக்கொண்டு சொல்வாய். இருபத்தெட்டு வருஷத்தில் என் வாயால் ஒரு தடவை சொன்னதில்லை. தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன், முதல் எழுத்து வரைக்கும் வருகிறது, அதற்கு மேல் நகரவில்லை. வருகிற ஞாயிறு மறுபடி ஒத்திகை. அதற்குள்ளே மலை நிஜமாகவே இறங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது மகளே.

ஆகையால் சனிக்கிழமை நீ போனில் கோல் எடுத்ததும் சாப்பிட்டீங்களா என்று கேட்காதே, அப்பா பேரு என்னம்மா என்று கேள். நான் மழுப்புவேன், போனை அப்பாவிடம் தள்ளப் பார்ப்பேன், விடாதே. சொன்ன பிறகுதான் நீ போனை வைக்க வேண்டும். நோய்நொடி இல்லாமல் நீ நூறு வயசு இருக்க வேண்டும், அவரும் இருக்க வேண்டும். மிளகாய்த்தூளை ஈரம் படாமல் வை. வாய்க்கு வராதது கைக்காவது வருகிறதா என்று கீழே எழுதிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு உன் அம்மா,
கிருஷ்ணராஜ் சம்சாரம் மாரியாயி