ஐந்தே கால் பஸ்ஸும் என் தோளும்

காபி டம்ளரைத் தேடி அடுக்களைக்கு வந்திருப்பீங்க. டிகாக்‌ஷன் இறங்கியிருக்கு, பால் ஃபிரிட்ஜில். இன்னைக்கு நீங்களே கலந்துக்கணும். நான் பேகம்பேட் போயிருக்கேன், அதே வைத்தியத்துக்குத்தான். "மூச்சு விடறதுக்கு ஒரு டீச்சரா?"ன்னு காலையில் சிரிச்சீங்க. அதுக்குப் பதிலை இப்போ சொல்றேன்.

போன வாரம் அந்த டீச்சர் சுஜனா என்னைப் பாயில் படுக்கவெச்சு, தோளுக்கடியில் கை கொடுத்து, மூச்சை மட்டும் கவனிக்கச் சொன்னா. பதினோரு வருஷத் தலைவலி, எத்தனை ஸ்கேன் எடுத்தோம்! அரை மணியில் தோள் தளர்ந்து பாயில் இறங்கிடுச்சு. அப்போ வெளியே ஏதோ ஒரு பஸ் பிரேக் போட்டது. நான் அசையவே இல்லை. தோள் ரெண்டும் தானா காது வரைக்கும் ஏறிடுச்சு.

"எவரு ஒஸ்துன்னாரம்மா?"ன்னா. யார் வராங்கன்னு தெலுங்கில் கேக்கறா! அவ கைக்கு எப்படித் தெரிஞ்சது?

சாயங்காலம் ஐந்தே காலுக்கு உங்க கம்பெனி பஸ் தெருமுனையில் நின்னதும், நீங்க ஷூவைக் கழட்டறதுக்குள்ள நுரையோட காபி மேஜைக்கு வந்தாகணும். பத்தொன்பது வருஷம். நான் மறந்தாலும் இந்த உடம்பு அந்த ஐந்தே காலை மறக்கலை. சத்தியமா கோபம் வரலை. கர்ப்பக்கிரகத்தில் விளக்கு ஏத்தினதும் உள்ளே இருக்கறது தெரியுமே, அப்படி இருந்தது.

மாத்திரையை நிறுத்தலை, பயப்படாதீங்க. ரசம் அடுப்பு மேல.

பி.கு: ஏழு மணிக்கு வந்துடுவேன். எனக்கும் ஒரு டம்ளர் கலந்து வையுங்க. நான் கேட்டைத் திறக்கற சத்தம் கேட்டதும் உங்க தோள் என்ன பண்ணுதுன்னு பாருங்க.