பெரிய டயருக்கு எத்தனை இறாத்தல்

திருகோணமலை,
14.11.1973

அன்பின் பவளராணிக்கு,

நீரும் பிள்ளைகளும் சுகம்தானே? மாமியின் கால் வீக்கம் வற்றிவிட்டதா? நான் சுகம்.

எங்கள் ஜீப்புக்குப் பெரிய டயர் போட்டிருக்கிறார்கள். பழைய டயருக்கு முப்பது இறாத்தல் அழுத்தத்தில் காற்று அடித்தோம். "டயர் பெரிசெண்டால் காத்தும் கூடத்தானே வேணும், நாற்பது அடியும்" என்றார் எஞ்சினியர் சிவலோகன். பள்ளியில் என் கணக்கைப் பார்த்தெழுதிப் பாஸானவர்தான். ஜீப்பின் பாரம் அதேதான், பெரிய டயரில் அது அகலப் பரவும், ஆகவே குறைவாகவே போதும் என்றேன். "கணக்கெழுதுற கிளாக்கருக்கு ஏன் இந்தக் கதை?" என்று சிரித்தார்.

நேற்றுத் திரியாய்க் கடற்கரையில், நாற்பது அடித்துக் கல்லுப்போலிருந்த அந்த டயர்கள் மணலில் அச்சுவரை புதைந்தன. அலை கதவைத் தொட்டது. சாரதி முனாப், "ஐயா, காத்தைத் திறந்துவிடுவம்" என்றார். காற்றளக்கும் கேஜ் எங்களிடம் இல்லை. கூடத் திறந்தால் டயர் றிம்மைவிட்டுக் கழன்றுவிடும். டயரின் வயிறு சற்றுப் பிதுங்கும்வரை பார்த்துப் பார்த்துத் திறந்துவிட்டேன். ஜீப் மேலே ஏறிவிட்டது. என் செருப்பு ஒன்றுதான் கடலோடு போனது, சிரியும்.

நாளையும் அங்கேதான் போகிறோம். மழைக்காலக் கடல். மறுபடியும் நாற்பதே அடிக்கச் சொல்லியிருக்கிறார் சிவலோகன்.

மோட்டார்சைக்கிளை விற்றபோது நான் எடுத்துவைத்த கேஜ் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. துணியில் சுற்றி உடனே அனுப்பும். நாளைக்குமுன் அது வராதென்று தெரியும். ஆனாலும் அனுப்பும்.

தபால் பையைக் கட்டுகிறார்கள், இத்துடன் நிறுத்துகிறேன்.

உம்முடைய,
சபாநாதன்